கம்பியில்லா இணையம்: குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வீட்டுக்கும் கடைக்கும் கம்பியில்லாமல் வந்து சேரும் அகலப்பட்டை இணையம் பற்றிக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து மட்டும் ஒரு கட்டு கடிதங்கள் சேர்ந்திருக்கின்றன. மலையும் கடலும் தோப்பும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடும் மாவட்டம் அது. ஒரே கருவி ஓர் ஊரில் நன்றாக உழைப்பதும் பக்கத்து ஊரில் திணறுவதும் ஏன் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். இந்த இதழின் பக்கங்களை அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீடு குலசேகரத்துக்கு அப்பால், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு சரிவில் இருக்கிறது. கேபிள் இழுப்பதற்குக் கம்பம் இல்லாததால், கடந்த ஜனவரி மாதம் மொட்டைமாடியில் கம்பியில்லா இணையக் கருவியைப் பொருத்திக்கொண்டோம். இரண்டு மாதம் குறையேதும் இல்லை. மார்ச் கடைசியிலிருந்து வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மழை பெய்து ஓய்ந்த பிறகு இன்னும் மோசம். இரண்டு முறை ஆள் வந்து பார்த்துவிட்டு, கருவியில் கோளாறு இல்லை என்று சொல்லிச் சென்றார்கள். நாங்கள் யாரை நம்புவது? (இல்லத்தரசி, குலசேகரம் அருகே)

பதில்: வந்து பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை, அம்மா. கருவி ஜனவரியில் இருந்தபடியேதான் இருக்கிறது; மாறியவை உங்களைச் சுற்றி நிற்கும் மரங்கள். ரப்பர் மரம் மார்கழியிலும் தையிலும் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாள்களில் உங்கள் மாடியில் நின்றால், கிளைகளின் இடைவெளி வழியே எதிர்ச்சரிவில் உள்ள கைப்பேசிக் கோபுரம் கண்ணுக்கே தெரிந்திருக்கும். பிறகு செம்பழுப்பு நிறத்தில் தளிர் வருகிறது. மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்போர் காத்திருப்பது அந்தத் தளிரின் காம்பில் சுரக்கும் தேனுக்காகத்தான். அதே தளிர் முற்றிப் பச்சைக் கூரையாக மூடிக்கொள்ளும்போது, உங்கள் கருவிக்கும் கோபுரத்துக்கும் இடையே ஒரு சுவர் எழும்பிவிடுகிறது.

இலையில் பெரும்பகுதி நீர்தான். நீரோ இந்த அலைகளை உறிஞ்சும் இயல்புடையது. மேலும், 5.8 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் அலையின் நீளம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். 5ஜி சேவைக்குப் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 அல்லது 9 சென்டிமீட்டர். ரப்பர் இலையின் அளவும் அதற்குச் சற்று முன்பின்னாக இருப்பதால், உறிஞ்சப்படாமல் தப்பிய அலையும் நேராகப் போகாமல் பல திசைகளில் சிதறிப்போகிறது. அடர்ந்த ஒற்றை மரமே வந்த ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கை விழுங்கிவிடக்கூடும். மழை நின்ற பிறகும் இலைகளின் மேல் நீர் படர்ந்திருக்கும் வரை இழப்பு கூடுதலாகவே இருக்கும். நீங்கள் கவனித்து எழுதியிருப்பது மிகச் சரி.

இணைப்பு ஏன் அறுந்துபோகாமல் வேகம் மட்டும் குறைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிக்னல் வலுவாக இருக்கும்போது கருவி ஒவ்வொரு துடிப்பிலும் எட்டு பிட் தகவலை ஏற்றி அனுப்பும். வலு குறையக் குறைய ஆறு, நான்கு, இரண்டு என்று சுமையைத் தானே குறைத்துக்கொள்ளும். சத்தமான கல்யாண வீட்டில் நாம் வேகமாகப் பேசுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவதில்லையா, அதைப் போன்றதுதான் இதுவும். கருவியின் விளக்குகள் எல்லாம் பச்சையாகவே எரியும். ஆனால் வரும் தகவல் கால்பங்காகியிருக்கும். வந்து பார்த்தவர்கள் கோளாறு இல்லை என்று சொன்னதற்கு அந்தப் பச்சை விளக்குகளே காரணமாக இருக்கலாம்.

இதே பிழையை நானும் செய்திருக்கிறேன். திருவட்டாறு அருகே என் தங்கை வீட்டில், வெயிலடித்த ஒரு ஜனவரி நாளில், கருவியை நானே கூரையில் ஏறிப் பொருத்தினேன். நடுவில் ஒரு ரப்பர் வரிசையும் ஓர் அயனி மரமும் நின்றன. வேகம் நன்றாக இருந்ததால் மரங்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கிய முதல் வாரத்திலேயே, பள்ளி திறந்த பிள்ளைகளுக்கு அந்த இணைப்பு பயன்படாமல் போயிற்று. கடைசியில் அதை வீட்டுக் கூரையிலிருந்து இறக்கி, பின்புறம் மேட்டில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் தூணுக்கு மாற்றினேன். அங்கிருந்து வேறொரு கோபுரம் மரங்களுக்கு மேலே தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக்கும் தொட்டிக்கும் இடையே அறுபது மீட்டர்தான் என்பதால் சாதாரண ஈதர்நெட் கம்பியே போதுமானதாயிற்று. அந்தக் கம்பி 100 மீட்டர் வரைதான் ஒழுங்காக வேலை செய்யும்.

நீங்கள் செய்யக்கூடியதும் ஏறத்தாழ அதுதான். வளர்ந்த ரப்பர் மரம் 20 மீட்டருக்கு மேலும் போகும் என்பதால், மாடியில் கம்பம் நட்டு மரங்களை வெல்ல முயல வேண்டாம். அந்த உயரக் கம்பம் காற்றுக்கு நிற்காது. உங்கள் நிலத்திலேயே மேடான ஓர் இடம், அல்லது மேட்டில் இருக்கும் உறவினர் வீடு, எந்தக் கோபுரத்தை மரத்தின் குறுக்கீடு இல்லாமல் பார்க்கிறது என்று தேடுங்கள். அது முடியாவிட்டால் 700 அல்லது 850 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்ணில் சேவை கிடைக்கிறதா என்று கேளுங்கள். அந்த அலை 35 சென்டிமீட்டருக்கும் மேல் நீளமானது என்பதால் இலைகளுக்கிடையே ஓரளவு புகுந்து வரும். வேகம் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் பங்குனிக்கும் ஆடிக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. எப்படிச் செய்தாலும், பொருத்தும் நாளில் சிக்னல் அளவைக் கேட்டு ஒரு தாளில் குறித்து வையுங்கள். டிபிஎம் என்பது சிக்னல் வலுவை அளக்கும் அலகு; மைனஸ் 85 டிபிஎம் போன்ற எண் நல்ல நிலை. மைனஸ் 110 என்றால் இணைப்பு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடுத்த முறை ஆள் வரும்போது அந்தத் தாளைக் காட்டினால், பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக முடியாது.

கேள்வி: நாகர்கோவில் வடசேரியில் சிறிய துணிக்கடை வைத்திருக்கிறேன். காற்றில் வரும் ஃபைபர் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஃபைபர் என்பது கண்ணாடி இழை அல்லவா, அது எப்படிக் காற்றில் வரும்? கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? (வணிகர், வடசேரி)

பதில்: கண்ணாடி இழை காற்றில் வராது, கோபுரம் வரைதான் அது வருகிறது. கோபுரத்திலிருந்து உங்கள் கடையின் கூரை வரை உள்ள கடைசித் தொலைவை ரேடியோ அலை கடக்கிறது. கூரையில் ஒரே இடத்தில் நிலையாக, கோபுரத்தைப் பார்த்தபடி, கைப்பேசியில் இருப்பதைவிடப் பெரிய ஆண்டெனாவுடன் இருப்பதால், அது ஹாட்ஸ்பாட்டைவிட வலுவாகவும் சீராகவும் வாங்கும். அங்கிருந்து ஒரு கம்பி கீழே இறங்கி உள்ளே இருக்கும் வைஃபை ரவுட்டரில் சேரும். வேறுபாடு இவ்வளவுதான் என்றாலும் இது சிறிய வேறுபாடன்று. கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் கைப்பேசிக்கு மூன்று சுவர்களைக் கடந்து வரும் சிக்னல், கூரைக்கு எந்தச் சுவரும் இல்லாமல் வருகிறது.

இந்த எண்ணம் புதிதும் அன்று. 1990களிலேயே சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு கார்டெக்ட் என்ற முறையை உருவாக்கியது. வீட்டுக் கூரையில் ஒரு சிறு ஆண்டெனாவை வைத்து, பத்து கிலோமீட்டர் தொலைவு வரை, தொலைபேசியையும் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேக இணையத்தையும் கம்பியில்லாமல் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் முதல் இணைய மையங்கள் சில அப்படித்தான் நடந்தன. இன்றைய பெரிய நிறுவனங்களின் விளம்பரங்களைப் பார்க்கும்போது அந்த முன்னோடிகளை யாரும் நினைப்பதில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. அதன் பிறகு 802.16 என்ற உலகத் தரத்தின் அடிப்படையில் வைமேக்ஸ் வந்தது. வீடுகளுக்கான கம்பியில்லா அகலப்பட்டை என்றாலே அதுதான் என்று சில ஆண்டுகள் பேசப்பட்டது. இந்தியாவில் 2010ஆம் ஆண்டு 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை ஏலம் விடப்பட்டபோதும் அந்த எதிர்பார்ப்பு இருந்தது. ஆனால் ஏலம் எடுத்தவர்கள் பின்னர் அதில் 4ஜியைத்தான் நடத்தினார்கள். கைப்பேசிக்கும் வீட்டுக்கும் ஒரே தொழில்நுட்பம் என்றால் கருவிகள் கோடிக்கணக்கில் உற்பத்தியாகி விலை இறங்கும் என்பதே வைமேக்ஸ் பின்தங்கியதன் முக்கியக் காரணம். 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி தொடங்கி, அடுத்த ஆண்டிலேயே அதன் வழியாக வீட்டு இணைப்பும் விற்பனைக்கு வந்தது.

உங்கள் தெருவில் கண்ணாடி இழை கிடைக்குமானால் அதையே வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து. கிடைக்காத இடத்துக்கும், கடையை அடிக்கடி இடம் மாற்றுபவர்களுக்கும், முதல் இணைப்பு அறுந்தால் கைகொடுக்கும் இரண்டாவது இணைப்பாகவும் கம்பியில்லா இணைப்பு மிகப் பொருத்தமானது. ரசீது போடும் கணினியும் பணம் வாங்கும் கருவியும் பண்டிகை நாளில் நின்றுபோனால் ஏற்படும் இழப்பை நீங்கள் அறிவீர்கள்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் என்று பணம் வாங்குகிறார்கள், கோப்பு இறங்கும்போது 11 அல்லது 12 என்றுதான் காட்டுகிறது. இரவு எட்டு மணிக்கு மேல் அதுவும் இல்லை. (கல்லூரி மாணவர், தக்கலை)

பதில்: முதல் குறைக்கு யாரும் பொறுப்பில்லை. எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு. கோப்பு இறங்கும்போது திரை காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 100ஐ எட்டால் வகுத்தால் 12.5 வரும். உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ முழு வேகமே.

இரவுக் குறை உண்மையானது. கோபுரத்தின் ஒரு முகத்திலிருந்து கிளம்பும் அலைக்கற்றையை, அந்தத் திசையில் உள்ள அத்தனை வீடுகளும் அத்தனை கைப்பேசிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. பகலில் ஒரு குடம் நீரைப் பத்துப் பேர் எடுத்தது போக, இரவில் நூறு பேர் கைநீட்டுகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கும் விடிகாலை ஐந்து மணிக்கும் ஒரு வாரம் வேகத்தை அளந்து எழுதி வையுங்கள். காலையில் முழு வேகம் கிடைத்து இரவில் மட்டும் சரிந்தால், உங்கள் கருவியையோ அது பார்க்கும் திசையையோ மாற்றிப் பயனில்லை. கோபுரத்தின் திறனைக் கூட்டச் சொல்லி எழுத்தில் முறையிட வேண்டும். கையில் உள்ள அந்த அட்டவணைதான் உங்கள் சான்று. அரசின் வரையறைப்படி அகலப்பட்டை என்று அழைக்கப்பட 2004இல் விநாடிக்கு 256 கிலோபிட் போதுமானதாக இருந்தது. 2013இல் அது 512 ஆகி, 2023இல் 2 மெகாபிட் ஆகியிருக்கிறது. விளம்பரத்தில் காணும் எண்ணுக்கும் சட்டம் கேட்கும் எண்ணுக்கும் இருக்கும் இந்த இடைவெளியைத் தெரிந்துகொண்டு ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

கேள்வி: முட்டத்தில் கடலுக்கு மிக அருகில் குடியிருக்கிறோம். மாடியில் வைத்த கருவி ஓராண்டு கூடத் தாங்கவில்லை. புதிதாக மாற்றியதும் எட்டே மாதத்தில் நின்றுவிட்டது. கடற்கரைக்கு இந்த இணையம் ஆகாதா? (மீனவக் குடும்பத்தினர், முட்டம்)

பதில்: தாராளமாக ஆகும். கடற்கரையில் மரத் தடை குறைவு என்பதால், உள்நாட்டைவிட உங்களுக்குச் சிக்னல் நன்றாகவே கிடைக்க வேண்டும். கெடுப்பது உப்பு. ஆடி மாதக் காற்றில் அலை உடைந்து எழும் நீர்த்துகள் உங்கள் மாடி வரை வந்து படிவதை, காலையில் சன்னல் கண்ணாடியில் விரல் வைத்துப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

பெரும்பாலும் கெட்டுப்போவது கருவியன்று; கம்பி கருவிக்குள் நுழையும் முனைதான் கெடும். கடற்கரை வீடு ஒன்றில் செத்துவிட்டது என்று கழற்றிப் போட்ட ஒரு கருவியின் முனையைப் பிரித்துப் பார்த்தேன். எட்டு செப்புப் பற்களில் மூன்றின் மேல் பச்சை மாவு பூத்திருந்தது. ஒரு பல் முழுவதுமாகக் கரைந்து கம்பியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கம்பி வழியாகத்தான் கருவிக்கு மின்சாரமும் ஏறுகிறது. உப்புநீரின் ஈரமும் மின்னோட்டமும் ஓரிடத்தில் சேர்ந்தால் செம்பு அரிப்பு பல மடங்கு விரைவாகும். அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய முனை போட்டதும் அதே கருவி உயிர் பெற்றது. உங்கள் முதல் கருவியும் வீணாகத் தூக்கி எறியப்பட்டிருக்குமோ என்று ஐயப்படுகிறேன்.

ஆகவே மூன்றாவது முறை பொருத்தும்போது நீங்களே உடனிருந்து பாருங்கள். கம்பி வெயிலைத் தாங்கும் கறுப்பு உறையுடைய, முழுச் செம்பால் ஆன வெளிப்புறக் கம்பியாக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கம்பி கடற்கரைக்கு உதவாது. கருவிக்குள் நுழையுமுன் கம்பி ஒரு வளைவாகக் கீழே தொங்கிப் பிறகு மேலேற வேண்டும், அப்போதுதான் வழிந்து வரும் மழைநீர் வளைவின் அடியில் சொட்டிப்போகும். முனையைச் சுற்றி, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றச் சொல்லுங்கள். புளித்த வாடை அடிக்கும் சிலிக்கான் பசையை மட்டும் முனைக்கு அருகே விடாதீர்கள். அது காயும்போது வெளிப்படும் அமிலமே செம்பை அரிக்கும். இரும்புக் கவ்விக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகில் 316 என்ற வகையைக் கேளுங்கள். கொல்லத்தில் இருந்தோ நாகர்கோவிலில் இருந்தோ விசைப்படகு உதிரிபாகம் வாங்கும் உங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த எண் நன்கு தெரியும். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரைக் கருவியின் வெளிப்புறத்தில் ஊற்றிக் கழுவிவிடுவது, படகு எந்திரத்துக்கு நீங்கள் செய்யும் பராமரிப்பைப் போன்றதுதான்.

கேள்வி: ஆரல்வாய்மொழியில் எங்கள் செங்கல் சூளையும், மூன்று கிலோமீட்டர் தள்ளி அலுவலகமும் இருக்கின்றன. அலுவலகத்தின் ஃபைபர் இணைப்பைச் சூளைக்குக் கம்பியில்லாமல் கொண்டுபோக முடியுமா? நடுவே காற்றாலைகள் இருக்கின்றன, காற்றும் அதிகம். (சூளை உரிமையாளர், ஆரல்வாய்மொழி)

பதில்: முடியும். 5.8 கிகாஹெர்ட்ஸ் பகுதியைக் குறிப்பிட்ட ஆற்றல் வரம்புக்குள், தனி அலைக்கற்றை உரிமம் இல்லாமல், திறந்தவெளியிலும் பயன்படுத்த நம் நாட்டில் அனுமதி உண்டு. வாங்கும் கருவிக்கு இந்திய அரசின் வகை ஒப்புதல் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரு முனையிலும் ஒவ்வொரு தட்டு ஆண்டெனா, ஒன்றையொன்று பார்த்தபடி, அவ்வளவுதான் கட்டமைப்பு.

ஆனால் ஒன்றையொன்று பார்ப்பது என்பதை நூல் பிடித்தது போன்ற ஒரு கோடாக எண்ண வேண்டாம். அலை நடுவழியில் பருத்து, முனைகளில் ஒடுங்கிய நீள் உருண்டையாகப் பரவிச் செல்கிறது. பிரெனெல் மண்டலம் என்பது அதன் பெயர். உங்கள் மூன்று கிலோமீட்டர் பாதையின் நடுவில் அதன் ஆரம் ஆறு மீட்டருக்குச் சற்று அதிகம். அதில் அறுபது விழுக்காடாவது, அதாவது நான்கு மீட்டர் அளவு, நாற்புறமும் காலியாக இருக்க வேண்டும். தொலைநோக்கியில் பார்த்து எதிர்முனை தெரிகிறது என்று மகிழ்ந்து, நடுவில் உள்ள பனைமரங்களின் தலை கோட்டுக்கு இரண்டு மீட்டர் கீழேதான் இருக்கிறது என்பதைக் கவனியாமல் விட்டவர்கள் பலர்.

காற்றாலைக்கும் இதே கணக்குதான். நிற்கும் தூணை விட்டு விலகிப் போகும்படி பாதையை அமைத்துவிடலாம். சுழலும் இறக்கை பாதைக்குள் வந்து வந்து போனால் சிக்னல் துடித்துக்கொண்டே இருக்கும். முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் காற்றுக்கேற்ப முகத்தைத் திருப்பிக்கொள்வதால், இறக்கை இன்று இருக்கும் தளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், அது எல்லாத் திசையிலும் திரும்பினால் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று கணக்கிட்டு, அதற்கும் வெளியே பாதையைப் போடுங்கள்.

கணவாய்க் காற்றைப் பற்றி நீங்கள் அஞ்சுவது நியாயம். அறுபது சென்டிமீட்டர் தட்டிலிருந்து கிளம்பும் அலை ஆறு பாகை அகலத்துக்குத்தான் விரியும். தூண் வளைந்து மூன்று பாகை திரும்பினாலே ஆற்றல் பாதியாகிவிடும். முப்பது சென்டிமீட்டர் தட்டு மூன்று கிலோமீட்டருக்குத் தாராளமாகப் போதும். அதன் பார்வை இருமடங்கு அகலம், காற்றைத் தாங்கும் பரப்போ நான்கில் ஒன்று. பெரிது வாங்கினால் பாதுகாப்பு என்ற எண்ணம் உங்கள் ஊரில் செல்லாது. தூணை மூன்று புறமும் இழுகம்பி கட்டி நிறுத்தி, வைகாசியில் காற்று தொடங்கிய பிறகு ஒரு முறை சரிபாருங்கள்.

கேள்வி: மழை பெய்தால் இணையம் போய்விடுகிறதே, மழைத்துளி சிக்னலைத் தடுக்கிறதா? (ஆசிரியை, மார்த்தாண்டம்)

பதில்: உங்கள் வீட்டுக்கு வரும் 3.5 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மழைத்துளி ஒரு பொருட்டன்று. 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலேதான் மழை கணக்கில் வரத் தொடங்கும். 26 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலை கொட்டும் மழையில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே தேய்ந்துவிடும். 60 கிகாஹெர்ட்ஸிலோ மழை இல்லாவிட்டாலும் காற்றில் உள்ள ஆக்சிஜனே அலையை விழுங்கும். இவ்வளவு குறுகிய அலைகளை முதன்முதலில் உண்டாக்கிக் காட்டியவர்களில் ஒருவர் 1890களில் கல்கத்தாவில் ஆய்ந்த ஜகதீஷ் சந்திர போஸ் என்பதை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

அப்படியானால் உங்கள் இணையம் ஏன் போகிறது? கோபுரத்தை இன்னொரு கோபுரத்தோடு இணைக்கும் உயர் அதிர்வெண் இணைப்பு மழையில் தளர்ந்திருக்கலாம். நடுவில் உள்ள தென்னையோலை நனைந்திருக்கலாம். மழையோடு மின்சாரமும் போய், கோபுரத்தின் மின்கலம் தீர்ந்திருக்கலாம். மழை தொடங்கிய உடனே போனால் முதல் காரணம், ஒரு மணி நேரம் கழித்துப் போனால் மூன்றாவது காரணம் என்று ஊகிக்கலாம்.

கேள்வி: கருவி குழந்தைகள் படுக்கும் அறைக்கு நேர் மேலே இருக்கிறது. கதிர்வீச்சால் தீங்கு வருமா? (தாய், இரணியல்)

பதில்: இந்த அலைகளுக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்து மின்னேற்றம் செய்யும் ஆற்றல் கிடையாது. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011ஆம் ஆண்டில் இவற்றை, தீங்கு விளைக்கக்கூடும் என்பதற்குக் குறைந்த அளவே சான்றுள்ள 2பி பிரிவில் வைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2012 செப்டம்பர் 1 முதல் நம் நாட்டில் கோபுரங்களுக்கு, பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கு என்ற கடுமையான வரம்பு கொண்டுவரப்பட்டது. உங்கள் கூரைக் கருவியின் உச்ச ஆற்றல் கைப்பேசியின் ஆற்றலைப் போலவே ஏறத்தாழ 0.2 வாட், அது கோபுரத்தை நோக்கித்தான் அனுப்புகிறது, கீழே உள்ள அறையை நோக்கியன்று. நடுவில் கான்கிரீட் தளமும் இருக்கிறது. குழந்தையின் தலையணைக்கு அடியில் இருக்கும் கைப்பேசியை அப்புறப்படுத்துங்கள்; கூரைக் கருவி அங்கேயே இருக்கட்டும்.

கேள்வி: பேச்சிப்பாறை அணைக்கு மேலே மலைக்குடியிருப்பில் வசிக்கிறோம். கோபுரம் எதுவும் தெரியாது. பிள்ளைகள் பாறையின் மேல் ஏறித்தான் பள்ளி அனுப்பும் செய்தியைப் பார்க்கிறார்கள். செயற்கைக்கோள் இணையம் எங்களுக்கு உதவுமா? (காணிப் பழங்குடி இளைஞர், பேச்சிப்பாறை)

பதில்: உங்கள் கடிதம்தான் இந்தக் கட்டில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக வரும் இணையத்தில், கேட்டதற்குப் பதில் வர அரை விநாடி ஆகும். படிக்கலாம், பார்க்கலாம், நேரடி வகுப்பில் பேசுவது சிரமம். 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புதிய வகையில் அந்தத் தாமதம் இல்லை. ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2025 ஜூன் மாதம் அரசின் உரிமம் கிடைத்தது. அதற்கு முன்பே வேறு இரு நிறுவனங்கள் பெற்றிருந்தன. ஆனால் ஓடிக்கொண்டே இருக்கும் கோள்களைத் தொடர அந்தத் தட்டுக்கு அகலமாகத் திறந்த வானம் வேண்டும். காட்டு மரங்களுக்கு இடையே அது எளிதில் கிடைக்காது. ஒரு குடும்பம் தனியாகத் தாங்கும் செலவும் அன்று.

அதைவிட நெருக்கமான வழி ஒன்று உண்டு. பாரத்நெட் திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்வது நோக்கம். உங்கள் மாவட்டத்தின் 95 ஊராட்சிகளும் அதில் அடக்கம். உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு இழை வந்து, அதில் வெளிச்சம் ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள். ஓடினால், அங்கிருந்து ஒரு தட்டு, பிள்ளைகள் ஏறும் அந்தப் பாறையின் மேல் இரண்டு தட்டு, குடியிருப்பின் நடுவில் ஒரு தட்டு என்று இரண்டே தாவலில் இணையம் வந்துவிடும். பாறையில் உள்ள கருவிகளுக்கு 20 அல்லது 30 வாட் மின்சாரம் போதும். மழைக்கால மேகத்தையும் கணக்கில் கொண்டு 200 வாட் சூரியத் தகடும் இரண்டு நாள் தாங்கும் மின்கலமும் வைக்கலாம். அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் அளித்த பிரதமர் வாணி திட்டத்தில், ஒரு சிறு கடைக்காரர்கூட உரிமம் இல்லாமல் பொது வைஃபை நடத்த வழி இருக்கிறது. குடியிருப்பின் மகளிர் குழு அதை ஏற்று நடத்தலாம். பாறை வனத்துறையின் எல்லைக்குள் இருக்கும் என்பதால் அவர்களின் அனுமதியை எழுத்தில் பெறுவதுதான் காலம் பிடிக்கும் வேலை. கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு மனுவோடு இணையுங்கள்.

பிள்ளைகள் எந்தப் பாறையில், எந்த இடத்தில் நின்றால் சிக்னல் கிடைக்கிறது என்பதை ஒரு சுண்ணாம்புக் குறியிட்டு, அங்கிருந்து நான்கு திசையிலும் படம் எடுத்து எனக்கு அனுப்பி வையுங்கள். பாதையை நான் கணக்கிட்டுத் தருகிறேன்.